பிள்ளையளோட பாக் தூக்கிக்கொண்டு யாழ்ப்பாணத்து வடமராட்சி கிழக்குக் கரையால நடக்கலாமோ?

கோண்டாவிலாள்:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்ச நாளா மனசுக்குள்ள கிடக்கிற விசயம், தெரிஞ்ச ஆக்களிட்டக் கேட்டுப்போட்டு முடிவெடுப்பம் எண்டு எழுதுறன். வீட்டில நான், இவர், மகளுக்கு 11 வயசு, மகனுக்கு 7. மாசிப் பூரணை லீவு இந்தமுறை சனி ஞாயிறோட சேர்ந்து வருகுது, என்ர தம்பியும் கனடாவிலயிருந்து வந்து நிப்பான். மூண்டு நாள், ரெண்டு இரவு, எங்கட சாமானை எங்கட முதுகில சுமந்துகொண்டு கடற்கரையாலயே நடக்கவேணும் எண்டு ஆசை. வான் பிடிச்சுப்போய் ஒரு இடத்தில குளிச்சுச் சாப்பிட்டுட்டு வாறது கசூரினாவில எத்தினையோ தரம் செய்தாச்சு, பிள்ளையளுக்குக் கடல் எண்டா ரெண்டு மணித்தியாலக் குளிப்பும் ஐஸ்கிரீமும் எண்டு ஆகிப்போச்சு.

என்ர அப்பா அல்வாய். சின்னனில என்னை வல்லிபுரக்கோயில் கடல் தீர்த்தத்துக்குக் கூட்டிக்கொண்டு போனவர். புரட்டாதிப் பூரணை, சாமிக்குப் பின்னால சனத்தோட சனமா அந்த மணலுக்குள்ள நடந்தது, கால் புதைஞ்சு புதைஞ்சு போகுது, தூக்கச் சொல்லி அழுதனான், அப்பா தூக்கேல்லை, "நட பிள்ளை, கடல் எங்கயும் ஓடிப்போகாது" எண்டவர். மணல்மேடு ஏறி முடிய, கடல் முழுக்க ஒரேயடியாக் கண்ணுக்கு முன்னால வந்து நிண்டது. அப்பா இப்ப இல்லை. அந்த நடையை என்ர பிள்ளையளுக்கும் ஒருக்காக் குடுக்கவேணும்.

எங்க தொடங்கி எங்க முடிக்கிறது? இவர் பருத்தித்துறையிலயிருந்து சுண்டிக்குளம் வரைக்கும் மப்பில கோடு கீறி வச்சிருக்கிறார், எனக்கெண்டா அது பிள்ளையளுக்குக் கூடிப்போச்சோ எண்டு இருக்கு. தண்ணிக்கு என்ன செய்யிறது, எங்க படுக்கிறது, மிதிவெடிப் பயம் இன்னும் இருக்கோ, நேவி ஆமி மறிப்பினமோ? அம்மாவுக்குச் சொன்னன், "உனக்கென்ன விசரே" எண்டுறா. போய்வந்த ஆக்கள் ஆரும் இருந்தா வடிவாச் சொல்லுங்கோ.


அம்பன்பக்கத்தான்:

அக்கா தாராளமா வாங்கோ, ஆனா அண்ணையின்ர கோட்டை முதல்ல அழியுங்கோ. பருத்தித்துறையிலயிருந்து சுண்டிக்குளத்துக்கு ஐம்பது கிலோமீற்றருக்கு மேல வரும், 7 வயசுப் பிள்ளையோட மூண்டு நாளில அது நடவாது. அதோட சுண்டிக்குளம் 2015ல தேசியப் பூங்காவாக்கின இடம், அதுக்கு முதல் 1938லயிருந்து பறவையள் சரணாலயம், அங்க நினைச்ச இடத்தில கூடாரம் அடிக்கேலாது, வனசீவராசிகள் திணைக்களத்தின்ர அனுமதி எடுக்கவேணும், களப்புப் பக்கம் முதலையும் இருக்கு. பூநாரை பாக்கிறதெண்டா அது வேறொரு நாள் வாகனத்தில போற பயணம்.

உங்களுக்குச் சரியான துண்டு அம்பனிலயிருந்து பருத்தித்துறை. கரையால கிட்டத்தட்ட 15 கிலோமீற்றர், மூண்டு நாளுக்குப் பிரிச்சா ஒரு நாளைக்கு ஐஞ்சு. இடையில ஆறோ முகத்துவாரமோ குறுக்க வராது, முழுக்க மணல் கரை.

எல்லாரும் பருத்தித்துறையில தொடங்கித்தான் நடக்க நினைப்பினம். நீங்கள் மாறி நடவுங்கோ. எங்கட கரை வடமேற்கிலயிருந்து தென்கிழக்காப் போகுது, காலமை அங்கயிருந்து இஞ்சால நடந்தா வெயில் நேர மூஞ்சையில அடிக்கும், தண்ணியில பட்டுத் திரும்பி வாற வெளிச்சமும் சேர்ந்து பிள்ளையளுக்கு ஒரு மணித்தியாலத்தில தலையிடி வந்திடும். அம்பனில தொடங்கினா வெயில் முதுகுக்குப் பின்னால. அதோட இஞ்சால பஸ் குறைவு, காலமை பஸ்ஸில வந்து இறங்கிட்டா பிறகு பஸ்ஸை நம்பியிருக்கத் தேவையில்லை, கடைசி நாள் ரவுணில முடியும், களைச்சுப்போன பிள்ளையளை வச்சுக்கொண்டு பின்னேரப் பஸ்ஸுக்கு ரோட்டில நிக்கிற வேலையும் இல்லை.

மிதிவெடி பற்றிக் கேட்டது நல்லது. நாகர்கோவில் தொடங்கி முகமாலை, கிளாலி வரைக்கும் முந்தி முன்னரங்கு இருந்த இடம், கன வருசமா வெடி எடுக்கிறாங்கள், முகமாலைப் பக்கம் கண்ணிவெடி எடுக்கிற ஆக்களை ஏ9 ரோட்டால போகேக்க நீங்களே கண்டிருப்பியள். அதாலதான் உங்களை நாகர்கோவிலுக்கு வடக்க அம்பனில தொடங்கச் சொல்லுறன். நீங்கள் போற துண்டில சனம் நாளாந்தம் நடமாடுது, எண்டாலும் பிள்ளையளுக்கு ஒரு பழக்கம் சொல்லிக் குடுங்கோ: சிவப்பு மண்டையோட்டுப் பலகை கண்டா வந்த காலடியிலயே திரும்புறது, மணலுக்குள்ள இரும்பு, ரின், பிளாஸ்ரிக் மூடி மாதிரி எது தெரிஞ்சாலும் காலாலயும் தட்டுறதில்லை.

படுக்கிறதுக்கு முதல்நாளே ஊர்க் கிராம சேவகருக்கும் கடற்றொழிலாளர் சங்கத்து ஆக்களுக்கும் ஒரு சொல்லுச் சொல்லிவிடுங்கோ. நேவி வந்து கேட்டா அடையாள அட்டையைக் காட்டி, இன்னாருக்குச் சொல்லித்தான் நிக்கிறம் எண்டா காணும். கரையில மீன்பிடிக்கிற ஆக்களின்ர வாடி, அதாவது கொட்டில், இருக்கும், அதுக்குக் கிட்டக் கூடாரம் போட்டா இரவில ஒரு காவல் மாதிரி, ஆனா வலை காயப்போட்ட இடத்தால நடக்காதேங்கோ, வள்ளத்தில பிள்ளையளை ஏத்தி விளையாட விடாதேங்கோ. அது அவையின்ர அடுப்படி மாதிரி. கேட்டுட்டு நிண்டா மீனும் தருவினம், காசு வாங்கவும் மாட்டினம்.


சியற்றில்பொலிகண்டி:

நான் பொலிகண்டி, இப்ப அமெரிக்காவில வோஷிங்ரன் மாநிலம். இஞ்ச ஒலிம்பிக் தேசியப் பூங்கா எண்டு பசிபிக் கரையோட ஒரு பெரிய காட்டுக்கரை இருக்கு, அதில ஒசெற் முக்கோணம் எண்டு ஒரு நடை. மூண்டு மைல் காட்டுக்குள்ளால மரப்பலகைப் பாதை, பிறகு மூண்டு மைல் கடற்கரை, திரும்பவும் மூண்டு மைல் பலகை, எல்லாம் சேர்ந்து 15 கிலோமீற்றர் வரும். மூத்தவனுக்கு 9, சின்னவளுக்கு 5 நடக்கேக்க போனனாங்கள். அம்பன்பக்கத்தான் சொன்ன தூரமும் அதேதான், பாத்து எனக்கு ஒரு சந்தோசம்.

அங்க நாங்கள் படிச்சது இது. பிள்ளையள் கடற்கரையில மணித்தியாலத்துக்கு ஒண்டரைக் கிலோமீற்றர்தான் போவினம், அதுக்கு மேல நீங்கள் இழுத்துக்கொண்டுதான் போகவேணும். நாங்கள் முதல்நாள் நேரத்துக்குப் போய்ச் சேரவேணும் எண்டு விரட்டினனாங்கள், ரெண்டு பேரும் அழுது குழம்பி, ஒருத்தரும் ஒண்டையும் பாக்கேல்லை. அடுத்தநாள் மணிக்கூட்டைப் பாக்குக்குள்ள வச்சிட்டம். கரையில இருக்கிற பாறையளில மக்கா எண்ட பூர்வீக ஆக்கள் கீறின திமிங்கிலப் படங்கள் இருக்கு, அதுக்குப் பக்கத்தில சின்னவள் முக்கால் மணித்தியாலம் இருந்தாள். அந்த ஆக்களின்ர ஊர் ஒண்டு மண்சரிவில அப்பிடியே மூடுண்டு போய், 1970க்குப் பிறகு கிண்டி எடுத்தவை. அதைக் கேட்டவுடன எனக்கு ஞாபகம் வந்தது மணற்காட்டில பாதி மணலுக்குள்ள போன பழைய அந்தோனியார் கோயில்தான். அக்கா, அந்தச் சுவருக்குக் கிட்டப் பிள்ளையளை நேரம் எடுத்து இருக்க விடுங்கோ.

இஞ்சத்தை விதியள் எல்லாம் உங்களுக்குப் பொருந்தாது. இஞ்ச கடல் வத்துறதும் பெருகிறதும் ரெண்டு மூண்டு மீற்றர், நேரத்தைப் பிழையாக் கணக்கெடுத்தா முனைக்கும் தண்ணிக்கும் இடையில மாட்டுப்படுவியள், சாப்பாட்டைக் கரடிக்கும் ரக்கூனுக்கும் உடைக்கேலாத பெட்டியில பூட்டவேணும், இரவு தங்க அனுமதிச்சீட்டு வேணும். எங்கட ஊரில வத்துப்பெருக்கு ஒரு மீற்றரும் வராது, அந்தப் பயம் இல்லை. ஆனா அதில ஒரு வசதி எடுக்கலாம்: தண்ணி வத்தியிருக்கேக்க நனைஞ்ச மணல் சீமேந்து மாதிரி இறுகிக் கிடக்கும், அதில நடந்தா களைப்புப் பாதி. மேல காய்ஞ்ச மணலில ஒரு கிலோமீற்றர் நடக்கிறதும் கீழ ரெண்டு நடக்கிறதும் ஒண்டு.

பாரம்: மகளுக்கும் மகனுக்கும் அவையின்ர நிறையில பத்தில ஒண்டுக்கு மேல வேண்டாம். மகனுக்கு ரெண்டு கிலோ. தன்ர தண்ணிப் போத்தல், தன்ர ரோச், ஒரு பெனியன், காணும். வெறுங்கையோட விடாதேங்கோ, தான் சுமந்தது எண்ட பெருமைதான் பிள்ளையைக் கடைசி வரைக்கும் நடக்க வைக்கும்.


கோண்டாவிலாள்:

ரெண்டு பேருக்கும் கனக்க நன்றி. இவர் வாசிச்சிட்டு "அப்ப சுண்டிக்குளம் பேந்து பாப்பம்" எண்டிட்டார், அதுவே பெரிய காரியம். அம்பனிலயிருந்துதான் தொடங்கப் போறம். தண்ணிக் கணக்கு ஒருத்தரும் சொல்லேல்லை, மற்றது பாம்பு?


மந்திகைநேர்ஸ்:

தங்கச்சி, தண்ணிக் கணக்கு நான் சொல்லுறன், ஏனெண்டா வெயிலில வத்திப்போய் வாற பிள்ளையளை நான் வேலை செய்யிற இடத்தில கண்டுகொண்டுதான் இருக்கிறன். பெரியாளுக்கு நாளைக்கு நாலு லீற்றர், பிள்ளைக்கு ரெண்டரை வையுங்கோ. மூண்டு பெரியாக்கள், ரெண்டு பிள்ளையள், 17 லீற்றர், அதாவது 17 கிலோ. ஒரு நாளைக்கு! மூண்டு நாள் தண்ணியை ஒருத்தராலயும் சுமக்கேலாது. அதால எங்க படுக்கிறது எண்டதைத் தூரம் பாத்து முடிவெடுக்காதேங்கோ, நல்ல தண்ணிக் கிணறு எங்க எண்டு பாத்து முடிவெடுங்கோ. முதல் இரவு மணற்காட்டு ஊருக்குக் கிட்ட, ரெண்டாவது இரவு வல்லிபுரக்கோயில் பக்கம். மணல்மேட்டுக்குக் கீழ மழைத்தண்ணி மெல்லிசாத் தேங்கி நிக்கும், அதாலதான் அந்தக் காலத்தில கடலுக்குக் கிட்டவே துரவு வெட்டிக் குடிச்சவை. எண்டாலும் குடிக்கிறதைக் கொதிக்க வச்சு ஆறவிட்டுக் குடுங்கோ. உப்பும் சீனியும் கலந்த ஜீவனி பக்கற் நாலைஞ்சு கட்டாயம். பிள்ளை மூத்திரம் போகாமல் கன நேரம் இருந்தா, கதை குறைஞ்சா, நடையை நிப்பாட்டி நிழலுக்குக் கொண்டுபோங்கோ.

காலமை ஐஞ்சரைக்கு வெளிக்கிட்டு ஒன்பதரைக்கு நிப்பாட்டுங்கோ. பேந்து நாலு மணிக்குப் பிறகு. இடையில சவுக்கந்தோப்பு நிழல். அந்தத் தோப்புக்குள்ள அடுப்பு மூட்டாதேங்கோ, கீழ கிடக்கிற சவுக்குச் சருகு ஒரு நெருப்புக்குச்சிக்குக் காணும்.

பாம்பு இருக்கு, புடையனும் சுருட்டையும். புல்லுப் பத்தைக்குக் கிட்ட இல்லாமல் வெறும் மணலில, அலை வாற கோட்டுக்கு நல்லா மேல கூடாரம் போடுங்கோ, சிப்பை எந்த நேரமும் இழுத்து மூடுங்கோ, இருட்டினாப் பிறகு ரோச் இல்லாமல் ஒருத்தரும் கால் வைக்கக்கூடாது, விடிய சப்பாத்தைத் தட்டிப்போட்டுப் போடுங்கோ. கடிச்சா கட்டுப்போடுறது, கீறுறது, உறிஞ்சுறது ஒண்டும் வேண்டாம், கைகாலை அசைக்காமல் வச்சுக்கொண்டு 1990 அம்புலன்சுக்கு அடியுங்கோ, மந்திகை ஆஸ்பத்திரி அந்தத் துண்டில எங்கயிருந்தும் தூரமில்லை. அதாலயும் உந்த இடம் நல்ல தெரிவு.


கட்டைக்காட்டுமகன்:

பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு போறதால ஒரு விசயம் சொல்லவேணும். 2004 மார்கழி 26 காலமை இந்தக் கரை முழுக்கத் தண்ணி வந்தது. எங்கட ஆக்களை உடுத்துறையிலதான் அடக்கம் செய்தது, நினைவாலயம் இருக்கு, ஒவ்வொரு வருசமும் போறனாங்கள். அண்டைக்குக் கடல் உள்வாங்கினதைப் பாத்து மீன் பொறுக்க ஓடின பிள்ளையள் இருந்தவை. உங்கட பிள்ளையளுக்கு ஒருக்காச் சொல்லிக் குடுங்கோ, கடல் திடீரெண்டு பின்னால போனா, நிலம் ஆடினா, ஒண்டும் எடுக்காமல் மேட்டுக்கு ஓடவேணும், அம்மா எங்க அப்பா எங்க எண்டு தேடக்கூடாது. பயப்படுத்தச் சொல்லேல்லை. கரையில பிறந்த பிள்ளைக்குத் தெரியிறது ரவுண் பிள்ளைக்கும் தெரிஞ்சிருக்கவேணும்.

குளிக்கிறதைப் பற்றியும். பருத்தித்துறையில கல்லுப்பார் அலையை மறிக்குது, கற்கோவளம் தாண்டினா மறைப்பில்லாத திறந்த கடல். மாசியில வாடை இறங்கியிருக்கும், பாக்க அமைதியாக் கிடக்கும், ஆனா நாலு அடி வைக்க ஆழம் மாறும், இழுவையும் இருக்கு. முழங்காலுக்கு மேல வேண்டாம், ஒரு பெரியாள் கடல் பக்கமா நிக்கவேணும்.

மற்றது அந்த மணல்மேடுகள். லொறி லொறியா அள்ளிக்கொண்டு போன கிடங்குகளை குடத்தனை, அம்பன் பக்கம் காணுவியள், பாக்க வயிறு எரியும். மிச்சம் நிக்கிற மேட்டைப் பிடிச்சு வச்சிருக்கிறது அடம்பன் கொடியும் ராவணன் மீசைப் புல்லும்தான். அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கெண்டு பழமொழி சும்மா வரேல்லை. பிள்ளையளைக் கொடி இல்லாத பக்கமாச் சறுக்கி விளையாட விடுங்கோ, பிடுங்க விடாதேங்கோ.


கோண்டாவிலாள்:

போய்வந்திட்டம்! எழுதக் கிழமை ஒண்டு ஆச்சு, குறை நினைக்காதேங்கோ.

முதல்நாள் அம்பனில இறங்கிக் கரைக்குப் போகேக்க ஏழரை ஆச்சு, பஸ் பிந்தினது. மகன் முதல் அரை மணித்தியாலம் ஓடினான், பிறகு "எவ்வளவு தூரம்" எண்டு தொடங்கினான். அப்பதான் ராவணன் மீசை உதவிச்சுது. காய்ஞ்ச பூப்பந்து ஒண்டு, மனுசத் தலையளவு, கம்பி கம்பியா நீட்டிக்கொண்டு, காத்துக்கு அந்த ஊசியளையே கால் மாதிரி வச்சு நனைஞ்ச மணலில உருண்டுகொண்டு போகுது. போற வழியில மணலில புள்ளி புள்ளியா அடையாளம். மகன் அதுக்குப் பின்னால துரத்தி, அது நிக்க இவனும் நிக்க, திரும்பக் காத்தடிக்க ஓட, கிட்டத்தட்ட ஒரு கிலோமீற்றர் அப்பிடியே போச்சுது. கடைசியாப் பிடிச்சவன் கையில குத்திப்போட்டுது, அழேல்லை. திரும்ப விட்டிட்டான்.

மணற்காட்டில வாடிக்கு அங்கால கூடாரம். பூரணை நிலவுக்கு ரோச்சே தேவைப்படேல்லை, எண்டாலும் நேர்ஸ் அக்கா சொன்னபடி ஒருத்தரும் ரோச் இல்லாமல் இறங்கேல்லை. விடிய கரைவலை இழுத்தவை, எங்களையும் கூப்பிட்டவை, இவரும் தம்பியும் மகளும் கயித்தைப் பிடிச்சினம், மகளின்ர உள்ளங்கை ரெண்டும் சிவந்து போச்சு, காட்டிக்காட்டித் திரியிறாள். ஒரு ஐயா ஒரு பை நிறைய மீன் தந்தவர், காசு நீட்ட முகத்தைத் திருப்பிட்டார், நான் கொண்டுபோன பருத்தித்துறை வடையும் பொரிவிளாங்காயும் குடுத்தன், அதை வாங்கினவர். அந்தோனியார் கோயில் சுவருக்குக் கிட்ட மகள் கன நேரம் இருந்தாள், "மிச்சக் கோயில் கீழ நிக்குதோ அம்மா" எண்டு மணலைக் கையால கிண்டிக் கிண்டிப் பாத்தாள். ஓம் எண்டு சொன்னன்.

பிழைச்சது ஒண்டு. ரெண்டாம் நாள் ஐஞ்சு லீற்றர்க் கானின்ர மூடி சரியாப் பூட்டேல்லை, பாக்குக்குள்ள ஊத்துண்டு, படுக்கை விரிப்பும் நனைஞ்சு, பத்து மணிக்கே தண்ணி முடிஞ்சுது. தம்பி மேட்டால ஏறி ஊருக்குப் போய் வாங்கிக்கொண்டு வரும் வரைக்கும் பிள்ளையளைத் தாழைப் பத்தை நிழலில வச்சிருந்தன், அந்த ஒரு மணித்தியாலம் எனக்கு உயிரே இல்லை. அடுத்தமுறை ஒரு கானில இல்லை, நாலைஞ்சு சின்னப் போத்தலில பிரிச்சுத்தான் கொண்டுபோவன், போற ஆக்களும் அப்பிடியே செய்யுங்கோ.

வல்லிபுரத்தடியில கரையிலயிருந்து கோயிலுக்கு மணலால ஏறினம், தீர்த்தத்துக்கு அப்பா கூட்டிக்கொண்டு வந்ததுக்கு எதிர்ப்பக்கமா. மகன் பாதியில நிண்டு தூக்கச் சொன்னான். நான் தூக்கேல்லை. ஆனா அப்பா சொன்ன சொல்லை நான் சொல்ல முதல் மகள் சொல்லிப்போட்டாள், எப்ப கேட்டவளோ தெரியாது, "நட தம்பி, கோயில் எங்கயும் ஓடிப்போகாது" எண்டு.

மூண்டாம் நாள் வெளிச்சவீடு தெரிஞ்ச உடன ரெண்டும் ஓட்டம். அம்மா பருத்தித்துறை பஸ் ஸ்ராண்டில வந்து நிண்டவா, ஒரு போத்தல் மோரோட.